எறும்பு மொய்த்த துணி

டாக்டரம்மா மூன்றாவது முறையாகக் கேட்டார். "பால்மாவைத் தவிர வேற என்ன குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கல டாக்டர்," என்றாள் கனகலட்சுமி.

அருள்பாண்டியின் நாலு மாதப் பிள்ளை கட்டிலில் துவண்டு கிடந்தது. ஒரு வாரமாக வெளிக்குப் போகவில்லை. இமை தொங்கிவிட்டது. அழுகைக்குச் சத்தமே இல்லை. பிரசவத்தில் மனைவி போனபின், அவன் ஒரகடத்துக் கம்பெனிக்கு ஷிப்ட் போகும் நேரமெல்லாம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தென்காசியிலிருந்து வந்தவள் அக்கா கனகலட்சுமி.

பிள்ளையின் வாய் துடைக்கும் துணியில் எறும்பு மொய்ப்பதை அப்போதுதான் அவன் பார்த்தான்.

"இதுல என்னக்கா இருக்கு?"

"தேன்தாம்ல. அழுதா விரல்ல தொட்டு நாக்குல வைப்பேன். அதப் போயி யாராவது சாப்பாடுன்னு சொல்லுவாவளா?"

"மூணு தடவ கேட்டாவளே! வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?" வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினான்.

"என்னைய ஏன்ல வையுத? மலைத்தேன், சுத்தம்னு வாங்கியாந்தது நீதான?"

அவன் துணியை டாக்டரம்மாவிடம் நீட்டினான்.

"தேன்ல ஒரு கிருமி இருக்கலாம்," என்றார் டாக்டரம்மா. "நமக்கு ஒண்ணும் ஆகாது. ஒரு வயசாகாத குழந்தை குடல்ல அது வளர்ந்து விஷத்தைக் கக்கும். மூச்சு நிக்கறதுக்குள்ள இப்பவாவது சொன்னீங்களே. அந்த பாட்டில் வேணும், டெஸ்டுக்கு அனுப்பணும்."

அவர்கள் குடியிருந்த பிள்ளைப்பாக்கத்து அறையில் பாட்டில் பாதி இருந்தது. சுவரில் அடித்து நொறுக்கக் கையை ஓங்கினான். பிறகு இறக்கினான். மூடியை இறுக்கித் திருகித் துண்டில் சுற்றி, ஷேர் ஆட்டோவில் ஆஸ்பத்திரிவரை பல்லைக் கடித்துக்கொண்டு மடியில் வைத்திருந்தான்.