நார்மல் ஃபோல்டர்

செம்பூரில் அந்தப் பொறியியல் கல்லூரியின் பயோமெடிக்கல் லேப் நான்காவது மாடியில் இருந்தது. லிஃப்ட் ஓடிய நாட்களைவிட ஓடாத நாட்களே அதிகம். ப்ராஜெக்ட் செய்கிற பிள்ளைகளுக்கு நல்ல இதயத்தின் ஈசிஜி தேவைப்பட்டால் வெளியே தேடிப் போகமாட்டார்கள். ஒருவரையொருவர் படுக்கவைத்து ஒயரை ஒட்டி எடுத்துக்கொள்வார்கள். நாலு மாடி ஏறி வந்தும் சிரிக்க முடிகிறவன் ஆரோக்கியமானவன். அதற்குமேல் யாரும் சோதித்ததில்லை. அப்படி வருஷக்கணக்கில் சேர்ந்ததெல்லாம் பெயரில்லாமல் எண் மட்டும் போட்டு, 'நார்மல்' என்ற ஃபோல்டரில் கிடந்தது.

லேபின் இன்ஸ்ட்ரக்டர் கோமதிநாயகம். இளைஞன்தான், பெயர் தாத்தாவுடையது. போன ஆடியில் அவன் மனைவி இசக்கிசெல்வி லோக்கல் ரயிலைப் பிடிக்க ஸ்டேஷன் பாலத்தில் ஓடியவள், அங்கேயே விழுந்து இறந்துபோனாள். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். ஏன் நின்றது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. காரியம் முடிந்த மறுநாளே அவன் வேலைக்கு வந்துவிட்டான். கேட்டதற்குப் பதில் சொன்னான். வைத்ததைச் சாப்பிட்டான்.

இறுதியாண்டு மாணவி உமைராவின் தீசிஸ் ஒரு சின்னக் கருவி. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் அடுத்த துடிப்புக்குத் தயாராக இதயம் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ளும். சிலருக்கு அந்த நேரம் பிறவியிலேயே நீண்டிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ஓடும்போதோ திடுக்கிடும்போதோ இதயம் தடுமாறி நின்றுவிடலாம். அதை முன்கூட்டியே கண்டுபிடிக்கிற ப்ரோகிராமை அவள் எழுதியிருந்தாள். எல்லாம் சரியாக வந்தது. ஓர் இடத்தில் மட்டும் இடித்தது.

"நார்மல் ஃபோல்டர்ல ஒரே ஒரு ரெக்கார்டு சார். அதை மட்டும் அப்நார்மல்னு காட்டுது. ஒயர் லூஸா இருந்திருக்கும். தூக்கிரவா?"

காட்டச் சொன்னான். திரையில் முதல் சில விநாடிகள் கோடு கன்னாபின்னாவென்று குலுங்கிவிட்டு அமைதியானது. படுத்திருந்தவர் சிரித்தால்தான் அப்படிக் குலுங்கும். ரெக்கார்டின் தேதியைப் பார்த்ததும் யார் சிரித்தது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. கல்யாணமான புதிதில் அவன் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவை இசக்கிசெல்வி கொண்டுவந்து கொடுத்தாள். அன்றைக்குப் பெண் ரெக்கார்டு ஒன்று குறைகிறது என்று மாணவிகள் அவளைப் பிடித்துப் படுக்கவைத்தார்கள். பசை குளிர்கிறது என்று சிரித்தாள்.

தாளில் அச்செடுத்து, ஸ்கேலை வைத்து ஒவ்வொரு துடிப்பாக அளந்தான். குலுங்கிய பகுதியைத் தள்ளிவிட்டு அளந்தான். பிறகு ஸ்கேலை டிராயரில் வைத்தான்.

"தூக்காதே. உன் ப்ரோகிராம் சரி. நம்ம லேபுதான் தப்பு."

யாருடையது என்று அவளிடம் சொன்னான். உமைரா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டாள். என்ன செய்வதென்று தெரியாமல் திரையை அணைத்தாள்.

அவளுடைய ப்ராஜெக்ட்டுக்கு ஆலோசனை சொல்லும் இதய டாக்டரிடம் அன்று மாலையே தாளைக் கொண்டுபோனான். அவர் பார்த்துவிட்டு, இறந்தவருக்குக் கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டார். ஒரு தங்கை என்றான். தாமதிக்காமல் கூட்டிவரச் சொன்னார்.

தங்கை விஜயலட்சுமிக்கு அம்பர்நாத்தில் பேசி முடித்திருந்தார்கள். பையனுக்கு ஃபாக்டரி வேலை, தை மாதம் கல்யாணம். தாராவியில் மாமியார் சண்முகவடிவு மருமகனை உட்காரவைத்து டீ கொடுத்தாள். அவன் சொல்லச் சொல்ல அவள் முகம் இறுகியது. செத்தவளைப் பற்றி இப்போது எதற்கு என்றாள். சின்னவளுக்கு ஒரு குறையும் இல்லை என்றாள். இரண்டு வருஷம் முன்பு குக்கர் விசில் அடித்தபோது விஜி மயங்கி விழுந்ததை அவன் நினைவுபடுத்தினான். அது வெள்ளிக்கிழமை விரதம், பசி மயக்கம் என்று மாமியார் அடித்துச் சொன்னாள்.

"ஆஸ்பத்திரியில நெஞ்சுல ஒயர ஒட்டிப் பாத்தாங்கன்னு அம்பர்நாத்துல தெரிஞ்சா என்ன நெனைப்பாங்க மாப்ளே? இங்க பேச்சு தாராவி தாண்ட எவ்ளோ நேரமாகும்? கல்யாணம் முடியட்டும். பொறவு பாத்துக்கிடலாம்."

அவனுக்கு வாதாட வராது. டம்ளரைக் கீழே வைத்தான்.

"பொறவுன்னு ஒண்ணு இருக்கணும்ல அத்தை" என்றான்.

மேல்தட்டு அறையிலிருந்து இரும்பு ஏணி வழியே விஜி இறங்கி வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"ஏம்மா, அக்கா சின்னதுல ஸ்கூல்ல விழுந்தப்பவும் பசி மயக்கம்னுதான சொன்ன?"

சண்முகவடிவு சேலைத் தலைப்பை இழுத்து முழங்காலில் மடித்துக்கொண்டே இருந்தாள்.

"அத்தான், அந்த ஒயர ஒட்டுனா வலிக்குமா?" என்று விஜி கேட்டாள்.

"பசை குளிரும். அவ்ளோதான்."

மறுநாள் மூவருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். படி ஏறும்போது விஜியை மெதுவாக ஏறச் சொன்னான். வெளியே பெஞ்சில் மாமியார் உட்கார்ந்திருந்தாள். ஈசிஜி தாள் வந்ததும் டாக்டர் கூப்பிட்டார். அக்காவுக்கு இருந்ததேதான் தங்கைக்கும். வேளை தவறாமல் மாத்திரை, ரயிலுக்கு ஓடக்கூடாது, தலைமாட்டில் அலாரம் கூடாது, வேறு எந்த மருந்தும் கேட்காமல் சாப்பிடக்கூடாது, தவறாமல் வந்து காட்ட வேண்டும். அப்படி இருந்தால் கல்யாணம், குழந்தை எல்லாம் மற்றவர்களைப் போலத்தான் என்றார்.

விஜி வராந்தாவுக்குப் போய் அம்பர்நாத் பையனுக்கு ஃபோன் போட்டாள். பாதி இந்தியிலும் பாதித் தமிழிலும் பேசிவிட்டுத் திரும்பினாள்.

"வீட்டுல கேட்டுட்டுச் சொல்லுதேன்னாரு. சொல்லட்டும். நான் இருப்பேன்ல, மெதுவா சொல்லட்டும்."

கோமதிநாயகம் தலையசைத்தான். லேசாகச் சிரித்தான். பல மாதங்களாக அவன் சிரித்ததில்லை.

டாக்டர் தாளைப் புரட்டிவிட்டு, இது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருக்கும், அப்பா உயிரோடு இல்லாததால் அம்மாவையாவது பார்த்துவிடலாம் என்றார்.

"எனக்கா? நான் நல்லாத்தான இருக்கேன்" என்றாள் சண்முகவடிவு.

கொஞ்ச நேரம் அவள் மகளைப் பார்த்தாள். பிறகு வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மருமகன் கையில் கொடுத்துவிட்டு, ஈசிஜி எடுக்கிற திரைச்சீலைக்குப் பின்னால் போய்ப் படுத்தாள்.