உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது

“கதவு திறக்கிறது.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவாளர் உதட்டைப் பிதுக்கினார். ஸ்டூடியோவில் அவருக்குக் ‘காது’ என்று பெயர். பேசுகிறவருக்கு மூச்சு லேசாகத் தடுக்கினாலும் கண்டுபிடித்துவிடுவார்.

“இன்னும் கொஞ்சம் சிரிச்ச மாதிரி சொல்லும்மா. லிஃப்ட்ல தனியா நிக்கறவங்களுக்கு, கூட ஒரு ஆள் இருக்கற மாதிரி தோணணும்.”

அவள் வெந்நீரில் ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடி சொன்னாள். இந்தத் தடவை பூட்டிய கடைகூடத் திறந்திருக்கும். அப்படி ஒரு குரல். சின்ன வயதில் ஓயாமல் பேசியதால் அவளுடைய அக்கா வைத்த பெயர் ‘வாயாடி’. அந்த வாய்தான் இப்போது சோறு போட்டது. பேருந்தில் அடுத்த நிறுத்தத்தைச் சொல்வது அவள். வங்கிக்கு அழைத்தால் வணக்கம் சொல்வது அவள். வாரம் ஒருமுறை தொலைக்காட்சியில் பாட்டுப் போட்டியைத் தொகுத்து வழங்குவதும் அவளே. முகத்தை மறந்தவர்கள்கூட, கடையில் அவள் வாயைத் திறந்து விலை கேட்டதும் “அட, நீங்களா!” என்பார்கள்.

மூன்றாவது முறை சொல்ல வாயெடுத்தபோது கைப்பேசி மின்னியது. அக்கா வேலை பார்க்கும் ஆயத்த ஆடைக் கம்பெனியில் தீப்பிடித்துவிட்டது என்றார்கள். அக்கா இரண்டாவது மாடி ஜன்னலிலிருந்து குதித்துவிட்டாள் என்றார்கள்.

அக்காவின் இரண்டு குதிகாலும் நொறுங்கியிருந்தன. குதிக்காமல் பின்பக்கப் படிக்கட்டை நம்பி ஓடியவர்கள் திரும்பி வரவில்லை. சட்டைகளுக்குக் காஜா எடுக்கிற பெண் அவர்களில் ஒருத்தி; அக்காவுக்குப் பக்கத்து மெஷின், உயிர்த் தோழி. பின்கதவு வெளியே பூட்டியிருந்தது. யாராவது ஒரு சட்டையைச் சுருட்டி மறைத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று முதலாளி போட்ட பூட்டு.

வாயாடி ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் “அக்கா” என்றாள். அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“பேசாதே.”

“அக்கா, என்னக்கா…”

“பேசாதேன்னா பேசாதே. உன் குரலைக் கேட்டா எனக்குப் புகை நாத்தம் அடிக்குது.”

வாயாடிக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

“கதவு பூட்டியிருக்குன்னு கம்பெனிப் புகார் நம்பருக்கு நானும் காஜாக்காரியும் எத்தனை தடவை போன் பண்ணோம் தெரியுமா? ஒவ்வொரு தடவையும் நீதான் பேசினே. உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது, இனி கவலை வேண்டாம்னு. காஜாக்காரி பயந்தா. வேலையை விட்டுப் போயிடலாம்டின்னா. நான்தான், என் தங்கச்சியே சொல்றாடி, சும்மா இருன்னு அவளை உக்கார வெச்சேன்.”

அதற்குப் பிறகு அக்கா தங்கையிடம் பேசவில்லை. தங்கையைப் பேசவும் விடவில்லை. வாயாடி தினமும் வந்தாள். தலை வாரிவிட்டாள், கஞ்சி ஊட்டினாள், துணி மாற்றினாள். எல்லாம் வாயை மூடிக்கொண்டு. ஊருக்கெல்லாம் பேசுகிறவள் கூடப்பிறந்தவள் முன்னால் ஊமையாக உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பதிவு அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. முதல் டேக்கைக் கேட்டுவிட்டு ‘நம்பிக்கை பத்தலை, இன்னொண்ணு எடுக்கலாம்’ என்று சொன்னது அவள்தான். எழுதிக் கொடுத்ததில் ‘உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது’ என்பது வரைதான் இருந்தது. மொட்டையாக இருக்கிறதே என்று ‘இனி கவலை வேண்டாம்’ என்பதைச் சேர்த்ததும் அவள்தான். கம்பெனி முதலாளி அதைக் கேட்டுவிட்டு, “இதாம்மா ஆர்ட்டிஸ்ட்டுங்கறது!” என்று கை தட்டினார். அவளும் பூரித்துப் போய் வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் ஸ்டூடியோவுக்குப் போய்க் காதிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். “அந்தக் கம்பெனி நம்பர்ல, பீப்புக்கு அப்புறம் ஜனங்க சொல்ற புகார் எங்கே போகுது?”

காது அந்த எண்ணை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். வாயாடியின் குரல் வணக்கம் சொன்னது, உங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் கடமை என்றது, பீப் அடித்தது. காது வாயே திறக்கவில்லை. அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் குரல் உருகியது: ‘உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. இனி கவலை வேண்டாம்.’ இணைப்பு அறுந்தது.

“ஒரு வார்த்தை பேசலையேம்மா நான்,” என்றார் காது. “பின்னாடி ஒண்ணுமே இல்ல. யாரும் கேக்கறதுக்கு இல்ல. மொத்தமும் ஒரே ஃபைல். நடுவுல அரை நிமிஷம் வெறும் அமைதி வெச்சுக் குடுங்கன்னு கேட்டாங்க. மாதிரி காட்டறதுக்குன்னு நெனச்சேன். அந்த அமைதியை வெட்டி ஒட்டினது இந்தக் கைதாம்மா.”

இதற்கிடையில் முதலாளி சும்மா இருக்கவில்லை. தீப்பிடித்ததற்குக் காரணம் காஜாக்காரி என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் சாப்பிடப் போய்விட்டாளாம். செத்தவள் எழுந்து வந்து இல்லை என்று சொல்லப்போகிறாளா என்ன? பழியைத் தூக்கி அவள் தலையில் கட்டிவிட்டு, மிச்சமிருந்த பெண்களைத் தன்னுடைய இன்னொரு கட்டடத்துக்கு அனுப்பினார். அக்காவைப் பார்க்க வந்த பெண் ஒருத்தி சொல்லிவிட்டுப் போனாள்: “அங்கேயும் பின்கதவு பூட்டுதான். இப்போ புதுசா, இன்னும் பெரிசா வாங்கிப் போட்ருக்காங்க.”

வாயாடி அன்றைக்குக் கறுவிக்கொண்டாள். மன்னிப்பது பெரிய குணம்தான். அவளுக்கு அந்தக் குணம் இல்லை. இருந்திருந்தால் அந்தப் புதுப் பூட்டு இன்றைக்கும் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த ஆளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும், அதையும் நாலு பேர் பார்க்கக் கேட்க வேண்டும் என்று காத்திருந்தாள்.

வாய்ப்பு தானாக வந்தது. கம்பெனியின் பெயரைக் கழுவிச் சுத்தம் செய்ய முதலாளி ஒரு விழா எடுத்தார். உழைக்கும் பெண்களுக்கு மரியாதை என்று தலைப்பு. பாட்டு, நடனம், தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. தொகுத்து வழங்க வேறு யாரைக் கூப்பிடுவார்? அவரே போன் செய்தார்.

“அம்மா, உங்க குரல்தானே எங்க கம்பெனியோட அடையாளமே! உங்க அக்காவையும் வீல்சேர்ல கூட்டிட்டு வந்துடுங்க. மேடையில ஒரு பூங்கொத்து குடுத்துடுவோம். பாக்கறவங்களுக்கு நெகிழ்ச்சியா இருக்கும்.”

வாயாடி குரலில் தேனைத் தடவிக்கொண்டாள். “அக்காவால வர முடியாது சார். நான் கட்டாயம் வரேன். ஒலி மட்டும் எங்க ஆள்தான் பாக்கணும்.”

“தாராளமா!”

விழா அரங்கில் முன்வரிசையில் பெரிய மனிதர்கள். பின்வரிசைகளில் கம்பெனிப் பெண்கள். கேமராவுக்காகப் புதுச் சீருடை மாட்டி, பேருந்தில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். வாயாடி சிரித்தாள், பாடகர்களை அழைத்தாள், கை தட்டச் சொன்னாள். முதலாளி மேடையேறி, தொழிலாளர்கள் தனக்குப் பெற்ற பிள்ளைகள் மாதிரி என்று பேசி முடித்தார்.

“சார், ஒரு நிமிஷம்,” என்றாள் வாயாடி. “உங்க பிள்ளைங்களுக்காக ஒரு புகார் எண் வெச்சிருக்கீங்களே, அதைப் பத்திச் சொல்லவே இல்லையே?”

“அட, ஆமா! மறந்துட்டேன் பாருங்க.”

“இப்பவே கூப்பிடுங்க சார். எல்லாரும் கேக்கட்டும்.”

முதலாளி சந்தோஷமாகக் கைப்பேசியை எடுத்து அழைத்தார். வாயாடி மைக்கை அதனருகே பிடித்தாள். அவளுடைய குரல் அரங்கம் முழுக்க வணக்கம் சொன்னது. உங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் கடமை என்றது. பீப் அடித்தது.

“தீயில இறந்துபோன நம்ம பெண்களுக்காக எல்லாரும் எழுந்து அமைதியா நிக்கலாம்,” என்றாள் வாயாடி.

கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. முதலாளி என்ன செய்வார்? கைப்பேசியும் கையுமாகத் தலை குனிந்து நின்றார். அரங்கமே எழுந்து நின்றது. ஒரு இருமல்கூட இல்லை. அந்த அமைதிக்குள் மைக்கில் அவள் குரல் இனித்தது:

‘உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. இனி கவலை வேண்டாம்.’

“யாரும் ஒரு வார்த்தை பேசலையே சார்,” என்றாள் வாயாடி. “என்ன பதிவாச்சு?”

முதலாளி சிரிக்கப் பார்த்தார். “அது ஏதோ மெஷின் கோளாறு…”

“கோளாறே இல்ல சார். அழகா வேலை செய்யுது. அது என்னிக்குமே எதையும் பதிவு பண்ணதில்ல. பின்கதவைத் திறங்கன்னு எங்க அக்கா சொன்னதும் இப்படித்தான் போச்சு. காஜாக்காரி சொன்னதும் இப்படித்தான் போச்சு. அந்தக் கதவுக்குப் பின்னாடி செத்தவ மேல இஸ்திரிப் பெட்டிக் கதையைக் கட்டி விட்டீங்களே, உங்களுக்கு வாய் கூசலையா? இங்க உக்காந்திருக்கற இவங்க நாளைக்குப் போய் உக்காரப்போற கட்டடத்துலயும் பூட்டு போட்ருக்கீங்க. சாவி யார்கிட்ட இருக்கு சார்?”

“மைக்கை நிறுத்துங்கப்பா! யாருப்பா அங்கே?”

வாயாடி அவர் பக்கம் திரும்பி, அந்தப் பழைய குரலில், அந்தப் பழைய இனிப்போடு சொன்னாள்: “தயவுசெய்து காத்திருக்கவும். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்.”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளி மேலாளரைப் பார்த்துக் கத்தினார். மேலாளர் ஒலிமேசைக்கு ஓடினார். காது ஹெட்போனைக் கழற்றாமலே, “உங்க புகாரைப் பதிவு பண்ணிக்கிட்டேன் சார், கவலைப்படாதீங்க,” என்று சொல்லிவிட்டு ஒலியை இன்னும் கொஞ்சம் ஏற்றினார்.

“இது அவதூறு! உன்னைச் சும்மா விடமாட்டேன்!” என்றார் முதலாளி.

இந்தத் தடவை வாயாடி பதில் சொல்லத் தேவை இருக்கவில்லை. பின்வரிசைப் பெண்கள் சொன்னார்கள். எல்லோருக்கும் மனப்பாடமாயிற்றே. “உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது!” முதலாளி வாயைத் திறக்கும்போதெல்லாம் அரங்கமே சேர்ந்து சொன்னது. “இனி கவலை வேண்டாம்!” சிலர் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். சிலர் அழுதுகொண்டே சொன்னார்கள். கடைசியில் அந்த மனிதர் வியர்த்து விறுவிறுத்து, மேடையில் எந்தப் பக்கம் இறங்குவது என்றே தெரியாமல் தடுமாறினார்.

“அந்தப் பக்கம் போங்க சார்,” என்று வாயாடி கையைக் காட்டினாள். “கதவு திறந்துதான் இருக்கு. உங்களுக்கு யாரும் பூட்டு போடல.”

மறுநாள் காலையில் அதிகாரிகள் இரும்பு வெட்டும் இயந்திரத்தோடு போய், அந்த முதலாளியின் கட்டடங்களில் இருந்த பூட்டையெல்லாம் அறுத்தார்கள். ஊரே பார்த்துவிட்டதால் அவர்களுக்கும் வேறு வழியில்லை. முதலாளியை அழைத்துப் போனார்கள். ஜாமீனில் வந்தவரைப் பார்த்துத் தெருவில் சின்னப் பிள்ளைகள்கூட “கவலை வேண்டாம்!” என்று கூவின. அவர் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். வாயாடியிடமிருந்தும் பல விளம்பரங்கள் கை நழுவிப் போயின. ‘கதவு திறக்கிறது’ என்பதை இப்போது வேறு யாரோ சொல்கிறார்கள்.

அவள் அதற்கெல்லாம் கலங்கவில்லை. பழிவாங்கிய திருப்தியோடு அக்காவைப் பார்க்கப் போனாள். போய், பழக்கதோஷத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்தாள். அக்கா இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை.

“டிவில பாத்தேன். அவன் முழிச்சான் பாரு, அப்போ எனக்கு வயிறு குளுந்துச்சு. காஜாக்காரிக்காகவும் சேத்துப் பாத்தேன்.” அக்கா தங்கையை நேராகப் பார்த்தாள். “அவன் கணக்கு சரி. உன் கணக்கு?”

வாயாடி தலை குனிந்தாள்.

“அவன் போட்ட பூட்டை ரம்பத்தால அறுத்துட்டாங்க. ஆனா அவன் பூட்டு மட்டும் இருந்திருந்தா நாங்க எப்பவோ கதவை உடைச்சிருப்போம், இல்ல வேலையை விட்டுட்டு ஓடியிருப்போம். எங்களை உக்கார வெச்சது உன் குரல். அதுதான் ரெண்டாவது பூட்டு. ஊரு நம்பற வாயி உனக்கு. எழுதிக் குடுத்ததை இனிக்க இனிக்கப் படிக்கறதுக்கு முன்னாடி, இது நிஜமான்னு ஒரு வார்த்தை கேக்கணும். மேடையும் மைக்கும் கிடைச்ச எல்லாருக்கும் சொல்றேன். எரிஞ்சப்புறம் நியாயம் பேசறதுக்குக் கை தட்டுவாங்கதான். எரியறதுக்கு முன்னாடி கேட்டிருந்தா அவ இருந்திருப்பா.”

வாயாடியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. அக்கா அதைத் துடைக்கவில்லை. கட்டிலோரம் இருந்த சக்கர நாற்காலியைத் தன் பக்கம் இழுத்தாள்.

“என்னைத் தூக்கி இதுல உக்கார வை. காஜாக்காரி வீட்டுக்குப் போறோம். இஸ்திரிப் பெட்டி கதை பொய்யின்னு அவங்க அம்மாகிட்ட நேர்ல சொல்லணும். கவலைப்படாதேன்னு அவளுக்குச் சொன்னது யாரு குரல்னும் சொல்லணும். ரெண்டையும் நீதான் சொல்லப்போறே.” தங்கையின் தோளைப் பற்றிக்கொண்டு அக்கா கட்டில் விளிம்புக்கு நகர்ந்தாள். “கிளம்பு, வாயாடி.”