மேற்குச் சுவரில் பரலோகம்

சபை மண்டபத்தின் மேற்குச் சுவரில் பரலோகம் வரைந்து முடித்த வாரத்திலிருந்து, அதில் முகம் இருக்கிற யாராலும் அழ முடியவில்லை. முதலில் தெரியவந்தது கமிட்டித் தலைவருக்கு. தாயார் இறந்தபோது சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கைக்குட்டையைக் கண்ணில் ஒற்றி ஒற்றி எடுத்தார். கைக்குட்டை இஸ்திரி மடிப்புக் கலையாமலே பைக்குத் திரும்பியது. பெரிய மனிதர், நெஞ்சுரம் அப்படி என்றார்கள். அடுத்ததாகப் பொருளாளரின் மகள் கல்யாணமாகி வெளியூர் கிளம்பினாள். பஸ் நகரும்வரை பொருளாளர் முகத்தை என்னென்னவோ மாதிரி சுருக்கிப் பார்த்தார், தும்மல்தான் வந்தது. பிறகு தலைமையாசிரியை, பிறகு மருந்துக்கடைக்காரர். வெங்காயம்கூட அவர்களிடம் தோற்றுப்போனது. எல்லோரும் ஒரே சுவரில் இருக்கிறவர்கள் என்பதைக் கண்டுபிடிக்க ஊருக்கு அதிக நாள் ஆகவில்லை. கண்டுபிடித்த பிறகு யாரும் பெரிதாக ஆச்சரியப்படவும் இல்லை. சுவரில் இடம்பிடிக்கக் கட்டிய காசுக்கு ஏதோ ஒன்று கிடைத்ததே என்றுதான் நினைத்தார்கள்.

வரைந்தவரை ஊரில் போர்டுக்காரர் என்பார்கள். கடைகளுக்குப் பெயர்ப் பலகையும் தியேட்டருக்குப் பேனரும் வரைகிறவர். பரலோகத்தை வேதத்தில் இருக்கிறபடி ஒரு சொல் பிசகாமல் வரைய வேண்டும் என்று போதகர் கட்டளையிட்டபோது, அவர் தனக்குத் தெரிந்த கடைகளை வைத்துத்தான் யோசித்தார். ரத்தினங்களாலான பன்னிரண்டு அஸ்திபாரக் கற்களுக்கு நகைக்கடைப் போர்டு கைகொடுத்தது. மாதம் ஒரு கனி தருகிற ஜீவவிருட்சத்துக்கு ஜூஸ் கடை. உடம்பெல்லாம் கண்ணாக இருக்கிற நான்கு ஜீவன்களுக்கு, மூக்குக்கண்ணாடிக் கடைக்கு எழுதிய அனுபவம் போதுமானதாக இருந்தது. தெருவில்தான் சிக்கல். பொன்னாகவும் இருக்க வேண்டும், கண்ணாடி போல ஊடுருவித் தெரியவும் வேண்டும். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க ஐயா என்று கேட்டுப் பார்த்தார். வேதத்தில் இரண்டும் இருக்கிறது என்று போதகர் சொல்லிவிட்டார். கடைசியில் அது டைல்ஸ் கடை வாசல் மாதிரி வந்தது. பரலோகத்தை யாரும் நேரில் பார்த்ததில்லை என்பதால் எல்லோருக்கும் திருப்தி.

எண்ணி முடியாத திரளான கூட்டம் அங்கே நிற்கும் என்பது வேதம். நன்கொடை கொடுத்தவர்கள் மட்டும் நிற்கலாம் என்பது கமிட்டித் தீர்மானம். அப்படியாகச் சுமார் நாற்பது பேர் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு வேதத்தில் வருகிற கண்ணாடிக் கடலின் ஓரத்தில் குரூப் போட்டோவுக்கு நிற்பதுபோல நின்றார்கள். நட்டநடுவில் தலைவர். அங்கே சூரியனும் விளக்கும் தேவையில்லை, எங்கும் வெளிச்சம் என்பதால் நிழல் கூடாது என்றார் போதகர். போர்டுக்காரர் நிழலை எடுத்தார். அதற்குப் பிறகுதான் கண் விஷயம் வந்தது. பேனர் வேலையில் முகத்தை எல்லாம் முடித்துவிட்டு, கடைசியாக ஒரு தீக்குச்சியை வெள்ளைப் பெயிண்டில் தொட்டுக் கருவிழியின் ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பார்கள். அந்தப் புள்ளி விழுந்ததும் கண்ணில் ஈரம் வந்து, ஆள் நம்மைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். போதகர் சாரத்தின் மேல் ஏறி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அந்தப் புள்ளிகளை நெடுநேரம் பார்த்தார்.

“கண்ணுல ஏன் ஈரமா இருக்கு?”

“அது உயிர்ப் புள்ளி ஐயா. அது இல்லேன்னா மீன் கண்ணு மாதிரி ஆயிடும்.”

“ஈரம்னா கண்ணீர். அங்க கண்ணீரே கிடையாது. எடுத்துருங்க.”

போர்டுக்காரர் வாதாடவில்லை. வாதாடுகிறவருக்குப் பாக்கி வருவது தாமதமாகும் என்பது தொழிலில் அவர் கற்ற பாடம். நாற்பது பேர் கண்ணிலும் புள்ளியைக் கறுப்பால் மூடினார். தலைவரின் தோளுக்குப் பின்னால் மட்டும் ஒரு முகத்துக்கான இடம் காலியாக, பல் விழுந்த மாதிரி இருந்தது. அங்கே தன் மனைவியின் முகத்தை எட்டிப் பார்க்கிற மாதிரி வரைந்து, அவளுக்கும் புள்ளி வைக்காமல் விட்டார். அவருடைய மனைவி சட்டென்று அழுகிறவள். அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கு அழுவாள், ரேடியோவில் வருகிற மருத்துவக் குறிப்புக்கும் அழுவாள். கண்ணுக்குள்ள குழாய் வச்சுத் தைச்சிருக்காங்க இவளுக்கு என்று அவர் நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரிப்பது வழக்கம். சுவர் முடிந்த பிறகு வீட்டில் அழுகைச் சத்தமே இல்லை. நன்கொடை கொடுக்காமலேயே மனைவிக்கு ஒரு நல்லது செய்துவிட்டோம் என்று அவர் நினைத்தார். தனக்கும் நிம்மதி என்பதை உரக்க நினைக்கவில்லை.

சுவரில் இருந்தவர்கள் முன்னைவிடத் தெளிவாக வேலை பார்த்தார்கள். இது பரலோகத்தின் முன்பணம் என்று போதகர் மூன்று ஞாயிறு தொடர்ந்து பிரசங்கித்தார். தலைமையாசிரியை, ஃபீஸ் கட்டாத பிள்ளைகளைக் கண் கலங்காமல் வீட்டுக்கு அனுப்பினார். மருந்துக்கடைக்காரர் கடனுக்கு மாத்திரை கொடுப்பதை நிறுத்தினார். தலைவருக்குச் சொந்தமாக ஒரு சோப்புத் தொழிற்சாலை இருந்தது. பேக்கிங் ஷெட்டின் கூரை ஒரு பக்கமாக இறங்கிவருகிறது என்று அங்கே வேலைபார்த்த பெண்கள் அவருடைய அறையில் நின்று அழுதார்கள். முன்பெல்லாம் பெண்கள் அழுதால் தலைவருக்கும் கண் நிறைந்துவிடும். அந்த அவஸ்தை பொறுக்காமலாவது ஏதாவது செய்து தொலைப்பார். இந்தத் தடவை அவர்கள் அழுது முடிக்கும்வரை அமைதியாக இருந்து, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். இவ்வளவு பொறுமையாகக் கேட்கிற முதலாளி கிடைப்பது அபூர்வம் என்று மேனேஜர் வெளியே வந்து சொன்னான். மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் கூரை இறங்கியது. கீழே இருந்தவர்களில் ஒருத்தி மட்டும் எழுந்திருக்கவில்லை. அவள் போர்டுக்காரரின் ஒரே மகள்.

அடக்கத்தின்போது போர்டுக்காரர் தரையில் உட்கார்ந்து, கேட்பவர்கள் காதைப் பொத்திக்கொள்கிற மாதிரி அழுதார். அவர் சுவரில் இல்லாதவர், அவரால் முடிந்தது. மனைவி பக்கத்தில் நின்றாள். வாயைத் திறந்தாள், மூடினாள். குழிக்குள் விழுந்த மண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கண், மாவு அரைத்துக் கழுவி வெயிலில் விட்ட உரல் மாதிரி காய்ந்து கிடந்தது. பெத்தவதானா இவ என்று பின்னால் யாரோ கேட்டது அவளுக்கும் கேட்டது. தலைவர் மாலையுடன் வந்து, அவளுக்குப் பக்கத்தில், அதே போன்ற கண்ணோடு நின்றார். சுவரிலும் இருவரும் அப்படித்தான் நின்றிருந்தார்கள்.

அதற்குப் பிறகு அவளுக்கு உடம்பு கனக்கத் தொடங்கியது. சாப்பாடு குறைந்தது, எடை ஏறியது. அவள் கட்டிலில் புரண்டால் உள்ளே குடம் தளும்புகிற சத்தம் வந்தது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, தண்ணீர் குறைவாகக் குடிக்கச் சொன்னார். மகளின் சீப்பில் சிக்கியிருந்த முடியைக் கையில் வைத்துக்கொண்டு பகலெல்லாம் உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் புருஷன் வழக்கம்போல அழுதுவிட்டு முகம் கழுவி வந்தபோது சொன்னாள்.

“எம் பங்கையும் நீங்களே அழுதுட்டீங்க. என்னை அங்கேருந்து இறக்கி விடுங்க.”

போர்டுக்காரர் போதகரிடம் போனார். பரலோகத்தில் சேர்ந்த யாரும் திரும்பிப் போனதாக வேதத்தில் இல்லை என்றார் போதகர். கமிட்டியிடம் போனார். நன்கொடை கொடுக்காத ஒருத்தி எப்படி உள்ளே வந்தாள் என்று முதலில் அரை மணிநேரம் விசாரித்தார்கள். அழிக்கலாம் என்றார் செயலாளர். அழித்தால் தலைவரின் தோளுக்குப் பின்னால் ஓட்டை தெரியும், அது தலைவருக்கு அழகில்லை என்றார் பொருளாளர். ஒரு கண்ணுக்கு ஒரு புள்ளி போதும், நான் வச்சுட்டு இறங்கிடுறேன் என்று போர்டுக்காரர் கெஞ்சினார். பரலோகத்தில் ஒருத்தி மட்டும் கண்ணில் ஈரத்தோடு நின்றால் பார்க்கிறவர்கள் அந்த இடத்தைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று தலைவர் கேட்டார். நியாயமான கேள்வி என்று மினிட்ஸ் புத்தகத்தில் ஏறியது. பிரதிஷ்டை செய்த சுவரில் யாரும் கைவைக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டு, டீ குடித்துக் கலைந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பிரசங்கம் பாதியில் இருக்கும்போது, போர்டுக்காரர் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு நடு வழியாக வந்தார். பல்பு மாற்ற வந்திருக்கிறார் என்று நினைத்துச் சிலர் காலை ஒதுக்கி வழிவிட்டார்கள். சுவரில் சாத்தி ஏறினார். சட்டைப்பையிலிருந்து தீக்குச்சியை எடுத்து, வெள்ளையில் தொட்டு, தலைவரின் தோளுக்குப் பின்னாலிருந்த முகத்தில் இடது கண்ணுக்கு ஒன்று, வலது கண்ணுக்கு ஒன்று வைத்தார். பெண்கள் வரிசையில் மனைவி உட்கார்ந்திருந்த மூன்றாவது பெஞ்சிலிருந்து, பூட்டிக் கிடந்த குழாயில் தண்ணீர் திறந்துவிட்டதுபோல முதலில் காற்றுச் சத்தம் வந்தது. அப்புறம் அழுகை வந்தது. பாட்டுப் புத்தகங்கள் நனைந்தன. முன்வரிசையில் செருப்புகள் மிதந்து நகர்ந்தன. போதகர் குரலை உயர்த்தி, முத்து வாசல்களைப் பற்றிச் சொல்லவந்ததைச் சொல்லி முடித்தார். போர்டுக்காரர் ஏணியிலிருந்து இறங்கவில்லை. குச்சியைப் பிடித்தபடி கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“பெயிண்ட் மிச்சம் இருக்கு. வேற யாருக்காவது வேணுமா?”

நாற்பது பேரும் அங்கேதான் இருந்தார்கள். தலைமையாசிரியை கைப்பையைத் திறந்து எதையோ தேடினார். மருந்துக்கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். தலைவர் நேராக உட்கார்ந்து, புன்னகை என்று சொல்லத்தக்க ஒன்றை முகத்தில் வைத்திருந்தார். ஒரு கையும் உயரவில்லை. போர்டுக்காரர் குச்சியை ஊதிக் காயவைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினார். அவருக்கு அந்தச் சபையில் அதற்குப் பிறகு வேலை கிடைக்கவில்லை.

மனைவி வீட்டில் தொடர்ந்து அழுதாள். முதலில் மகளுக்காக அழுதாள், பிறகு தேங்கிக் கிடந்ததையெல்லாம் வரிசையாக எடுத்தாள். தன் பங்கும் அதில் இருக்கும் என்று போர்டுக்காரர் எதிர்பார்த்திருந்தார், இவ்வளவு நீளம் என்று எதிர்பார்க்கவில்லை. கண்ணுக்குள்ள குழாய் என்று அவர் சொல்லிச் சிரித்த ஒவ்வொரு தடவையும் தனித்தனியாக வந்தது. எழுந்து போகாமல் உட்கார்ந்து கேட்டார். மழைக்காலம் முடிகிறபோது அவள் முகம் கழுவி, தலை வாரி, பையை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். கோபமில்லை. உங்களைப் பாத்தா இனிமே அழுகை வராதுங்க, அதான் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் நிறுத்திய பிறகும் சுவர் நிறுத்தவில்லை. தோளுக்குப் பின்னால் இருக்கிற முகத்திலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கி, தலைவரின் வெள்ளை அங்கியில் பழுப்பாகக் கறை பிடித்தது. பிளம்பர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, உள்ளே பைப்பே இல்லை என்று எழுதிக் கொடுத்தார். செயலாளர் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, உப்பு என்றார். புள்ளியை மூன்று தடவை கறுப்படித்தார்கள், மூன்று தடவையும் அது கரைந்து வழிந்தது. இப்போது ஆண்டுக்கு ஒருமுறை வேறு ஒரு பெயிண்டரைக் கூப்பிட்டுத் தலைவரின் அங்கிக்கு மட்டும் வெள்ளையடிக்கிறார்கள். கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்திருக்கிறார்கள். செடிக்கு ஊற்றிப் பார்த்தார்கள், பட்டுப்போனது. அதனால் சாக்கடையில் கொட்டுகிறார்கள். தலைவர் இன்றும் முதல் வரிசையில் அந்த வாளிக்குப் பக்கத்தில்தான் உட்காருகிறார். பிரசங்கம் நீளுகிற நாட்களில் வாளியை நடுவில் ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். முறை வைத்து யாராவது எழுந்து போய் மாற்றிவிட்டு வருவார்கள். காலி வாளியில் விழுகிற முதல் சொட்டு கொஞ்சம் சத்தமாகக் கேட்கும், பிறகு கேட்காது.