விசில் இல்லாத வாரம்

வெண்மதி டீச்சர் கட்டுரை நடத்தினால் முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் கரும்பலகையில் வந்துவிடும். பிள்ளைகள் கை வலிக்கப் பார்த்து எழுதுவார்கள். மழைநீர் சேமிப்பு என்றால் எட்டாம் வகுப்பு முழுக்க ஒரே மழைதான் பெய்யும். இத்தனை வருஷம் அப்படித்தான் ஓடியது, யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அவள் புருஷன் செங்குட்டுவன் நிலக்கரி மைன்ஸில் பெர்மனென்ட் தொழிலாளி. சித்திரையில் நெஞ்சுவலி என்று படுத்த மனுஷன் எழுந்திருக்கவில்லை. அவள் அழவில்லை. காரியம் முடிந்ததும் பள்ளிக்கூடம் போய்விட்டாள். "அண்ணி, ஒரு தடவ வாய்விட்டு அழுதுடுங்க. உள்ளயே வச்சிக்கினு இருந்தா ஒடம்புக்கு ஆவாது" என்று நாத்தனார் சத்யா சொல்லிப் பார்த்தாள். வந்தால்தானே அழ? பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

மகள் எழில்மதி அவள் வகுப்பில்தான் படிக்கிறாள். அப்பா போனதிலிருந்து அவளும் வாயைத் திறப்பதில்லை. வீட்டில் "சாப்டியா?", "ம்", அவ்வளவுதான் பேச்சு. இருக்கிற ஒரு பிள்ளையும் கைவிட்டுப் போகிறது என்று வெண்மதிக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன, அதற்கும் மனசு பதறவில்லை.

ஆவணியில் ஒரு திங்கட்கிழமை பண்ருட்டியில் தமிழாசிரியர்களுக்குப் பயிற்சி என்று அனுப்பினார்கள். டீ, வடை, மத்தியானம் ஒரு தூக்கம் என்று கணக்குப் போட்டுப் போனவர்கள் நன்றாக மாட்டிக்கொண்டார்கள். பயிற்சியாளர் ராயப்பன் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, "இன்னிக்குக் காலையில உங்க வீட்ல நடந்தத எழுதுங்க" என்று சொல்லிவிட்டுத் தானும் எழுத உட்கார்ந்தார். எல்லாரும் பேனாவைக் கடித்தார்கள். ஊரையே எழுதச் சொன்ன கூட்டத்துக்கு எழுதுவது எத்தனை பாடு என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

பிறகு இரண்டிரண்டு பேராக வாசிக்க வேண்டும். கேட்பவர் திருத்தக் கூடாது. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்கலாம். வெண்மதி வாசித்தாள்: "எழுந்தேன். சாதம் வடித்தேன். பஸ் ஏறினேன்."

கம்மாபுரத்து ஆசிரியர் ஜெயகணேஷ் தலையைச் சொறிந்தார். "காலை அவசரத்துல யாருங்க டீச்சர் சாதம் வடிச்சிக்கினு இருப்பாங்க? வூட்டுல குக்கர் இல்லீங்களா?"

"இருக்குதுங்க" என்றாள். அதற்கு மேல் அவளுக்கே தெரியவில்லை.

வியாழக்கிழமை வகுப்பில் அவள் கரும்பலகைப் பக்கமே போகவில்லை. காலையில் வீட்டில் நடந்ததை எழுதச் சொன்னாள்.

"முன்னுரை சொல்லலியே டீச்சர்?"

"முன்னுரை வேணாம். எழுதுங்க."

முதலில் முழித்தார்கள். அப்புறம் பேனா ஓடியது. ஒரு வீட்டில் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் பூனை குட்டி போட்டிருந்தது. இன்னொரு வீட்டில் கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்ட அப்பா அம்மாவைத் திட்டியிருந்தார். வாசிப்பும் கேள்வியுமாக வகுப்பே சந்தையானது. இத்தனை வீடுகள் தன் வகுப்பில் இருந்ததை அவள் இப்போதுதான் பார்த்தாள்.

பக்கத்தில் உட்காரும் இசைப்பிரியா வராததால் எழில்மதி மட்டும் தனியாக இருந்தாள். வெண்மதி போய் அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். "படி."

எழில்மதி தாளை விட்டுக் கண்ணை எடுக்காமல் வாசித்தாள். "இந்த வாரம் அப்பாவுக்கு நைட் ஷிப்ட். விசில் சத்தத்தில் அப்பா எழுந்துவிடுவார் என்று அம்மா குக்கர் வைக்கவில்லை. சாதம் வடித்தார். பெட்ரூம் கதவைச் சாத்தினார். நான் தட்டைச் சத்தமில்லாமல் கழுவினேன். அப்பா இல்லை. அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை."

ஷிப்ட் வீடுகளில் இது வழக்கம். ராத்திரி வேலை பார்த்தவர் பகலில் தூங்கும் வாரம் வீடே வாயைப் பொத்திக்கொள்ளும். ஆனால் செத்துப்போனவருக்கு முறை தவறாமல் ஷிப்ட் போட்டுக்கொண்டிருந்தது தான்தான் என்று வெண்மதிக்கு அந்த நிமிஷம் வரை தெரியாது. கையில் சிவப்புப் பேனா இருந்தது. கீழே வைத்தாள். ஒரு கேள்விதான் கேட்கலாம்.

"ஏன் சொல்லல?"

பள்ளிக்கூடத்தில் எழில்மதி அவளை அம்மா என்று கூப்பிடுவதில்லை. "சொன்னா குக்கர் வச்சிடுவீங்க டீச்சர். அப்புறம் அப்பா இல்லன்னு ஆயிடும்" என்றாள்.

மறுநாள் காலை வெண்மதி அலமாரியிலிருந்து குக்கரை எடுத்தாள். அரிசியும் தண்ணீரும் வைத்து மூடி, பெட்ரூம் கதவைத் திறந்துவிட்டு வந்தாள். விசிலை மகளிடம் நீட்டினாள்.

"நீ போடறியா?"

எழில்மதி கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு போட்டாள்.

முதல் விசில் வந்தது. இரண்டு பேரும் பெட்ரூம் பக்கம் திரும்பினார்கள். "மனுஷன் தூங்க வேணாமா?" என்று அங்கிருந்து யாரும் கத்தவில்லை.

இரண்டாவது விசிலில் வெண்மதி அடுப்பங்கரைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. பக்கத்து குவார்ட்டர்ஸுக்குக் கேட்கும்படி வந்தது. வலித்தது, நன்றாகவே வலித்தது.

எழில்மதி அவளைக் கட்டிக்கொண்டாள். "அடுப்ப நிறுத்தட்டாம்மா?"

"வேணாம்டி. கத்தட்டும்."