பெரட்டில் கானாங்கோழிக் குரல்

மெர்போக் பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் 2022 மார்ச்சிலிருந்து ஆண்கள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கானாங்கோழிக் குரலில்தான் பதில் கொடுக்கிறார்கள். பேர் கூப்பிட்டதும் நிமிர்ந்து நின்று ‘குவாக் குவாக்’ என்று பத்துத் தடவையாவது கூவுவார்கள். மற்ற பேச்செல்லாம் வழக்கம்போலத் தமிழ்தான். பெண்களுக்கு இது வரவில்லை. மானேஜர் இரண்டு நாள் சத்தம் போட்டார். ஆள் குறையவில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்.

பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் மண்டோர் பிரேமாவதி சதுப்பு ஓரத்தில் வளர்ந்தவள். ஆண் கானாங்கோழி திடமாக இருந்தால் கனத்த குரலில் நீளக் கூவும், நோய் கண்டால் குரல் மெலிந்து நடுவில் அறுந்துபோகும் என்பது அவளுக்குத் தெரியும். தேவனுக்குச் சர்க்கரை, சசிதரனுக்குக் காய்ச்சல் என்று நின்ற இடத்திலேயே சொல்லி கிளினிக்குக்கு அனுப்பினாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. நம் ஆட்கள் லேசுப்பட்டவர்களா? ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்று பச்சை முட்டையும் மிளகும் விழுங்கித் தொண்டையைத் தேற்றிக்கொண்டு வந்தார்கள். தொண்டை தேறியது. குரல் என்னவோ உடம்பைத்தான் சொன்னது.

அவள் கணவர் பக்கிரிசாமி செம்பனைக் குலை வெட்டுவதில் பெரிய கை. இருபத்தாறு வருடமாக ஒருநாள் மட்டம் போட்டதில்லை. ஆகஸ்டில் ஒரு காலை அவருடைய கூவல் நான்காவது ‘குவாக்’கிலேயே அறுந்தது. பிரேமாவதி பேர்ப் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தாள்.

“என்னங்க, நெஞ்சு வலிக்குதா?”

“சும்மா காத்துலா. பேரப் போடு பிரேமா. நம்ம மக ரூபினி நர்ஸ் படிப்பு முடியட்டும், அப்புறம் பாக்கலாம்.”

“அத நான் பாத்துக்கிறேன். நீங்க ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க.”

அத்தனை பேர் முன்னால் அவர் பேரை அடித்துவிட்டாள். சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் இருதயத்தில் மூன்று அடைப்பு இருப்பதாகவும், இன்னும் ஒரு வாரம் தாங்கியிருக்காது என்றும் சொன்னார்கள். அன்று மதியமே பிரேமாவதி அவருடைய அரிவாள் கம்பைத் தோளில் எடுத்தாள். பதினோரு மாதம் காலையில் மண்டோர், பெரட்டு கலைந்தால் வெட்டுக்காரி. தோட்டத்தில் அதற்கு முன் எந்தப் பெண்ணும் குலை வெட்டியதில்லை. ரூபினி படிப்பை முடித்தாள்.

மறுவாரம், ஆபரேஷன் முடிந்து தேறியிருந்த பக்கிரிசாமி சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு பெரட்டுக் களத்து வேலியோரம் வந்து நின்றார். பட்டியலில் அவர் பேர் கிடையாது. பிரேமாவதி புத்தகத்தைப் பார்க்காமலே கூப்பிட்டாள். அவர் கூவத் தொடங்கினார், கனத்து, நீளமாக, எங்கும் அறாமல். ஆள் ஏற்ற நின்ற லாரிக்காரன் இரண்டு தடவை ஹாரன் அடித்தான். நாற்பத்தொன்றாவது கூவல் முடிந்த பிறகுதான் அவள் அடுத்த பேரைக் கூப்பிட்டாள்.