பத்து மணிக்கு ஆஜர்

ஜீவரத்தினத்தைப் போலீஸ் வேனில் ஏற்றியபோது அவருடைய வலது கன்னம் மட்டும்தான் மழிக்கப்பட்டிருந்தது. இடது கன்னத்தில் சோப்பு நுரை அப்படியே இருந்ததாம். சலூனுக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருந்தவர் இதை அவர் மனைவி கிருபாவிடம் சொல்லிவிட்டு, தான் எதையும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

அது 1976 பிப்ரவரியின் முதல் சனிக்கிழமை. சரியாக ஒரு வாரம் முன்புதான் மாநில ஆட்சியைக் கலைத்திருந்தார்கள். எமர்ஜென்சி தில்லியில் ரயிலேறித் தாம்பரம் வந்துசேர ஏழு மாதம் ஆயிற்று. வந்த பிறகு ஒரு நாளும் அது லேட்டாகவில்லை. கட்சிக்காரர்களைத் தேடிக்கொண்டு வந்த போலீஸ், கட்சிப் பத்திரிகை கிடந்த குற்றத்துக்காக சலூனுக்குள் புகுந்து, கத்தி பிடித்தவர் முதல் பெஞ்சில் காத்திருந்தவர் வரை ஐந்து பேரையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. ஞாயிறு ஆராதனைக்கு முந்தின சாயங்காலம் முகம் மழித்துக்கொள்வது ஜீவரத்தினத்தின் இருபது வருஷப் பழக்கம். அவருடைய அரசியல் வாழ்க்கை முழுவதும், சிட்லபாக்கம் ஏரிக் கொசுக்களைப் பற்றிப் பஞ்சாயத்துக்கு எழுதிய ஒரே ஒரு விண்ணப்பத்தில் அடங்கிவிடும். அதிலும் கொசுக்கள் மனம் புண்படாதபடிதான் எழுதியிருந்தார்.

கிருபா பள்ளிக்கூட ஆசிரியை. எதையும் எழுத்தில் கேட்டுப் பழகியவள். ஸ்டேஷனில், அப்படி யாரையும் கொண்டுவரவில்லை என்று வாயால் சொன்னார்கள்; எழுதித் தர மறுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பாஸ்டர், 'பிரயாணத்தில் இருக்கும் சகோதரர்களுக்காக' என்று பொதுவாக ஜெபித்துவிட்டு, ஒரு கண்ணை மட்டும் திறந்து அவளைப் பார்த்தார். பக்கத்து வீட்டு லோகநாயகி, அண்ணா டூர் போயிருக்காராமே என்று விசாரித்தாள். ஜீவரத்தினத்தின் குமாஸ்தா வேலையில் டூர் கிடையாது என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். இரண்டே நாளில் தெரு முழுக்க ஒரே மாதிரி சிரிக்கக் கற்றுக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை ஸ்டேஷன் ரைட்டர் மனமிரங்கி ஒரு வழி சொன்னார். ஆள் சர்க்கார் ஊழியர், இன்ன தேதியிலிருந்து வேலைக்கு வரவில்லை என்று ஆபீசில் ஒரு கடிதம் வாங்கி வந்தால், எந்த ஜெயிலில் இருக்கிறார் என்று தேடிப் பார்த்து விட்டுவிடலாம். கிருபா மறுநாளே பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு எழும்பூருக்கு ரயிலேறினாள்.

செக்‌ஷன் சூப்பிரண்டு தோத்தாத்ரி பேசும்போது எதிரே மைக் இருப்பதுபோலத் தோன்றும். அவர் தலைக்குமேல், நேரந்தவறாமையில் நூறு சதவீதம் பெற்றதற்கான சான்றிதழ் சந்தன மாலை போட்டுத் தொங்கியது. பார்ப்பவர்கள் அவருடைய தகப்பனார் படம் என்று நினைத்துக் கும்பிடக்கூடும்.

"வரலைன்னு எப்படிம்மா லெட்டர் தரமுடியும்? உங்க ஹஸ்பெண்ட் தினம் கரெக்டா வந்துண்டிருக்காரே" என்றார்.

வருகைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். திங்கள், செவ்வாய் இரண்டு நாளுக்கும் ஜீவரத்தினத்தின் பெயருக்கு எதிரே கையெழுத்து இருந்தது. நேரம், ஒன்பது ஐம்பத்தைந்து. கிருபாவுக்கு ஒரு விநாடி உயிர் வந்தது. மறு விநாடியே இன்னொரு கேள்வி வந்தது. ஆபீசுக்கு வருகிற மனிதர் வீட்டுக்கு ஏன் வரவில்லை?

அவர் மேஜையைப் பார்த்தாள். நாற்காலி முதுகில் டர்க்கி டவல் விரித்திருந்தது. பாதி எழுதின ஃபைல் திறந்து கிடக்க, மூடி கழற்றிய பேனா அதன்மேல் இருந்தது. பியூன் வேதாசலம் வந்து அந்த மேஜையில் ஒரு டம்ளர் டீ வைத்தார். "சார் இப்பத்தாம்மா எந்திரிச்சுப் போனாரு. குந்துமா, வந்துடுவாரு" என்றார்.

மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தாள். யாரைக் கேட்டாலும் இப்பத்தான், இதோ, கீழே என்றார்கள். பொய் சொல்கிறவர்களை அவள் வகுப்பில் தினமும் பார்க்கிறாள், முகத்தைப் பார்க்கமாட்டார்கள். இவர்கள் நேராக முகத்தைப் பார்த்தார்கள். அந்த மேஜையைக் கடக்கும்போது மட்டும், நாற்காலியில் இருப்பவர் மேல் இடித்துவிடக் கூடாது என்பதுபோல உடம்பைச் சற்று ஒதுக்கிக்கொண்டு போனார்கள்.

படியிறங்கும்போது பட்டாபிராமன் பின்னாலேயே ஓடி வந்தார். ஜீவரத்தினத்துக்கு அடுத்த சீட். பதினொரு வருஷமாக ஒரே ரயில்.

"யாராவது ரயிலை விட்டுட்டா ஒருத்தருக்கொருத்தர் கையெழுத்துப் போட்டுக்கறதுதான் டீச்சர். திங்கக்கிழமை அவரைக் காணோம். வந்துடுவார்னு நான்தான் போட்டேன். சாயங்காலந்தான் விஷயமே தெரிஞ்சது. இன்னிக்குப் போடலைன்னா, நேத்திக்கு வந்தது யாருன்னு கேப்பா. எனக்கு மூணு பொண்ணு."

சூப்பிரண்டுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும், ஆனால் ஒரு ஆள் குறைந்தால் சான்றிதழில் சதவீதம் குறையும். ஜீவரத்தினத்தின் ஃபைல்களையும் ஆளுக்குக் கொஞ்சமாக முடித்துவிடுகிறார்களாம். அவர் இருந்த காலத்தைவிட இப்போது வேகமாக நகர்கின்றன என்று, ஒன்றரை நாளுக்குள் ஒரு பாராட்டு மெமோகூட வந்திருந்தது.

புதன்கிழமை வெறுங்கையோடு ஸ்டேஷனுக்குப் போனாள். இந்த முறை இன்ஸ்பெக்டரே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அந்த மரியாதையே அவளுக்குப் பயமாக இருந்தது.

"ஜீவரத்தினம் ஆபீஸ்லதான் இருக்காரும்மா. போன் போட்டு வெரிஃபை பண்ணிட்டோம். நாங்க பிடிச்சதுல ஒருத்தன் அந்தப் பேரைச் சொல்லிகிட்டு இருக்கான். ஆளு ஜாஸ்தி விவரம். பேரை மாத்திச் சொல்றான்னா கட்சியில பெரிய ஆளாத்தான் இருக்கணும்."

"அவர்தான் சார் என் வீட்டுக்காரர்."

"அப்ப ஆபீஸ்ல இருக்கறது யாரு?"

உள்ளே இருக்கிறவரை ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டாள். முடியாது என்றார். அவர் யார் என்று தெரியாமல் யாரைப் பார்க்க அனுமதி எழுதுவது?

"நிஜப் பேரைச் சொல்ற வரைக்கும் கேட்டுகிட்டேதான் இருப்போம்" என்றார் இன்ஸ்பெக்டர். குரலில் கோபமே இல்லை. கேட்பது என்றால் அங்கே என்னவென்று கிருபாவுக்குப் புரிந்தது. ஒரு மனிதர் தன் பெயரைத் தவிர வேறு எந்தப் பெயரைச் சொல்லித் தப்பிப்பார்? ஜீவரத்தினத்துக்கு அந்தச் சாமர்த்தியமும் கிடையாது.

சாயங்காலம் குரோம்பேட்டை ஸ்டேஷனில் நின்று, ரயிலிறங்கிய பட்டாபிராமனைப் பிடித்தாள். நாளைக்கு ஒரே ஒரு நாள் அந்தக் கட்டம் காலியாக இருக்கட்டும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். பட்டாபிராமன் தண்டவாளத்தைப் பார்த்தபடியே சரி என்றார். அவர் வாழ்க்கையில் செய்த முதல் வீரச்செயல் அது. உடனே உட்கார இடம் தேடினார்.

வியாழக்கிழமை சொல்லிவைத்து இரண்டு பேரும் ஒரே ரயிலில் போனார்கள். ஒன்பதே முக்காலுக்கு செக்‌ஷனில் யாரும் இல்லை. வேதாசலம் மட்டும் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தார். தன் கையெழுத்தைப் போடப் பதிவேட்டைத் திறந்த பட்டாபிராமன் பேனாவோடு அப்படியே நின்றுவிட்டார்.

ஜீவரத்தினத்தின் கட்டத்தில் கையெழுத்து இருந்தது. கிருபா விரலால் தொட்டாள். மை ஒட்டியது.

"பெருமாள் சத்தியமா நான் இல்லை டீச்சர்" என்று கிசுகிசுத்தார். அவர் இல்லை என்பது அவளுக்கே தெரியும்.

சூப்பிரண்டு வந்துவிட்டாரா என்று வேதாசலத்தைக் கேட்டாள். "இன்னும் யாரும் வர்லியேமா" என்றார் அவர், நிமிராமலே. "ஜீவரத்தினம் சார் மட்டுந்தான்."

ஒவ்வொருவராக வந்தார்கள். கையெழுத்துப் போட்டார்கள். காலியான அந்த நாற்காலியைப் பார்த்துக் குட்மார்னிங் சொல்லிவிட்டுத் தங்கள் இடத்துக்குப் போனார்கள். தோத்தாத்ரி மட்டும், டெஸ்பாட்சை இன்னிக்கே முடிச்சுடுங்கோ என்றும் அதனிடம் சொன்னார். பிறகு பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, சிவப்பு மையில் தேதி போடக் கை நீட்டியபோதுதான் கிருபாவைப் பார்த்தார்.

"சார், அவர் வரலைன்னு நீங்க எழுதித் தர்ற வரைக்கும் நான் இங்கேர்ந்து எந்திரிக்க மாட்டேன்" என்றாள் கிருபா. வகுப்பில் பேசும் குரலில்தான் சொன்னாள். எல்லாத் தலைகளும் திரும்பின. விறுவிறுவென்று போய், டவல் விரித்த அந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

பிரம்பு இருக்கை இளஞ்சூடாக இருந்தது.