கூடமாட ஒத்தாசை

எனக்கு வந்த கோபத்துக்குக் கையில் கத்தரிக்கோல் இருந்தது ஆபத்துதான். வக்கீலின் புதுக் கோட்டுத் துணியை மேஜையில் விரித்து, பழைய அளவுக்கே சாக்பீஸ் கோடு போட்டு, வெட்டப் போகும் நேரத்தில் அவரே கடைக்குள் வந்தார்.

"மாஸ்டர், உங்க கைராசியே ராசி. போன கோட்டு உடம்புல அப்படியே உக்காந்துடுச்சு!"

என் வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். அந்தக் கோட்டை வெட்டியது நான். கை நடுங்கத் தொடங்கியதிலிருந்து அவர் துணியில் கத்தரி வைப்பதே இல்லை. அளவெடுப்பார், பேசுவார், அவ்வளவுதான். எங்கள் தொழிலில் வெட்டுபவர்தான் மாஸ்டர். எங்கள் கடையில் மட்டும் பேசுபவர்.

வக்கீல் என் கையைப் பார்த்தார். "அம்மாவும் வெட்டுவாங்களா?"

"ஐயோ, இல்ல சார். கூடமாட ஒத்தாசையா இருப்பா. அடுத்த மாசம் எங்க அக்கா பையன் கட்டிங்குக்கு வர்றான். அப்புறம் இவ காஜா, பட்டன்னு பாத்துக்கிட்டா போதும்."

எனக்கே அப்போதுதான் தெரியும். என் மேஜையைத் தூக்கி இன்னொருவனுக்குக் கொடுத்தாயிற்று!

ஒத்தாசை நல்ல சொல்தான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் வாயிலிருந்து அது வந்தவுடன் வேலை அவருடையதாகிவிடும், நான் பக்கத்தில் சும்மா நிற்பவளாகிவிடுவேன். எங்கள் வீட்டில் எல்லாச் சொல்லும் இந்த லட்சணம்தான். அவர் கத்தினால் கண்டிப்பு, நான் கத்தினால் வாய். அவர் படுத்தால் அசதி, நான் படுத்தால் சோம்பல். அகராதியைப் புரட்டினால் இந்தக் கொடுமை ஒன்றும் அதில் இருக்காது.

கத்தரியை அவர் முன்னால் டொக்கென்று வைத்தேன். துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.

"வெட்டுங்க. ஒத்தாசைக்குத்தான் நான் நிக்கிறேன்ல."

முறைத்தார். வக்கீல் பார்த்துக்கொண்டிருந்ததால் வேறு வழியில்லாமல் எடுத்தார். சாக்பீஸ் கோட்டின் மேல் கத்தரி முனை நிலைகொள்ளாமல் ஆடியது. உயர்ந்த துணி, கொஞ்சம் தப்பினாலும் போச்சு. என் கை தானாக நீண்டது. இழுத்துக்கொண்டேன்.

"மானத்த வாங்காதடி," என்று முணுமுணுத்தார்.

"இத்தன வருஷமா அதத்தான் காப்பாத்திக்கிட்டு இருக்கேன்."

வக்கீல் தொண்டையைக் கனைத்தார். வீட்டுக்காரர் கத்தரியைக் கீழே வைத்தார்.

"இவதான் சார் வெட்டுறா." குரலே எழும்பவில்லை.

"சாருக்குக் கேக்கல," என்றேன். "சத்தமாச் சொல்லுங்க."